கேட்ட டிராவைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? மகளின் ஆட்டத்தில் நடந்தது

குடந்தை அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விதி தெரிந்தவர்கள் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும். மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

என் மகள் ஏழாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு ரேபிட் (விரைவு) செஸ் போட்டி. ஆளுக்கு 15 நிமிடம், இன்கிரிமென்ட் (ஒவ்வொரு மூவுக்கும் சேரும் கூடுதல் வினாடி) கிடையாது, மொத்தம் 7 சுற்று. ஆறாவது சுற்றில் அவளுக்கு எதிரே ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையன். கடைசியில் இரண்டு பேரிடமும் ஒவ்வொரு யானை, அவனிடம் கூடுதலாக ஒரு சிப்பாய். இவள் ராஜா அந்தச் சிப்பாய்க்கு நேர் எதிரே நிற்கிறது. யாரும் தப்பு செய்யாவிட்டால் டிராதான் என்று அவள் கோச்சே பிறகு சொன்னார். அவளுக்கு 40 வினாடி மிச்சம், அவனுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல்.

பையன் காய் நகர்த்தினான், கிளாக்கை அழுத்தினான், அப்புறம் "டிராவா?" என்றான். பெற்றோர் நிற்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. இவள் போர்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஏழெட்டு வினாடி கழித்து ஒன்றும் பேசாமல் கையை நீட்டினாள். அதற்குள் இவள் நேரம் குறைந்திருந்ததை அவன் பார்த்துவிட்டான். "வேணாம், ஆடு" என்றான். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டு அவசர அவசரமாக யானையை நகர்த்தினாள். நான்கைந்து மூவ் போயிருக்கும், இவள் நேரம் தீர்ந்து ஃபிளாக் விழுந்துவிட்டது.

நடுவரிடம் போய்ச் சொன்னோம். "கிளாக்கை அழுத்தின பிறகு கேட்ட டிரா செல்லாது. அதுவும் போக, பாப்பா வாயைத் திறந்து சரின்னு சொல்லலையே" என்றார். பையன் பொய் சொல்லவில்லை. "கேட்டேன் சார், அவ உடனே சொல்லல, அதனால வாபஸ் வாங்கிட்டேன்" என்று நடுவர் முன்னாலேயே சொன்னான்.

அரைப் புள்ளி போனதற்காக நான் இதை எழுதவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் "நான் கையை நீட்டினேன்தானேப்பா?" என்று நான்கு தடவை கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

தஞ்சை நடுவர் எழுதியது:

சார், நான் பல வருடமாக இந்தப் பக்கத்துப் போட்டிகளில் நடுவராக இருக்கிறேன். அன்று அங்கே இல்லை. நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

முதலில், "கிளாக்கை அழுத்தின பிறகு கேட்டால் செல்லாது" என்பது தவறு. உலகச் செஸ் அமைப்பான ஃபிடேயின் விதியில் டிரா கேட்கும் முறை தெளிவாக இருக்கிறது. காயை நகர்த்த வேண்டும், டிரா கேட்க வேண்டும், அதன் பிறகு கிளாக்கை அழுத்த வேண்டும். இந்த வரிசையை மாற்றிக் கேட்டாலும் அது செல்லும் என்று அதே பிரிவு சொல்கிறது. செல்லும், ஆனால் எதிராளியின் நேரத்தில் பேசித் தொந்தரவு செய்ததாக எடுத்துக்கொள்ளலாமா என்று நடுவர் பார்க்க வேண்டும். அதற்குத்தான் 11.5 என்ற பிரிவு. நியாயமில்லாமல் திரும்பத் திரும்ப டிரா கேட்பதும் அந்தப் பிரிவுக்குள் வருகிறது.

அடுத்து, கேட்ட டிராவைத் திரும்ப வாங்க முடியாது. நிபந்தனையும் போட முடியாது, "பத்து வினாடிக்குள் சொல்" என்பதும் நிபந்தனைதான். எதிராளி ஒத்துக்கொள்ளும் வரை, வாயால் மறுக்கும் வரை, நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொடும் வரை, அல்லது வேறு வழியில் ஆட்டம் முடியும் வரை அது உயிரோடு இருக்கும். "வாபஸ் வாங்கிட்டேன்" என்று அந்தப் பையன் சொன்னான் பாருங்கள், அங்கேதான் உங்கள் பக்கம் பலம். டிரா கேட்டதை அவனே ஒத்துக்கொண்டுவிட்டான். பல சண்டைகளில் எதிராளி "நான் கேட்கவே இல்லை" என்பான். சாட்சி இல்லாமல் நடுவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இங்கே அந்தச் சிக்கலே இல்லை.

வாயால்தான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதியில் இல்லை. மறுப்பதற்குத்தான் "வாயால்" என்ற சொல் வருகிறது. டிரா கேட்ட கையோடு எதிராளி கை நீட்டினால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? டிராவை ஒத்துக்கொண்ட அந்தக் கணமே ஆட்டம் முடிந்தது. நான் அங்கே இருந்திருந்தால், பையன் வாக்குமூலத்தை வைத்து ஆளுக்கு அரை என்றுதான் எழுதியிருப்பேன்.

ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. பாப்பா யானையைத் தொட்டதுதான் வழக்கைக் கெடுத்தது. கை நீட்டியதை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாத ஒரு நடுவர், "தொட்டுவிட்டாள், அதோடு டிரா போயிற்று" என்று சொல்ல விதியில் இடம் இருக்கிறது. தொடாமல் கிளாக்கை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கியிருந்தால் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

குடந்தை அப்பா எழுதியது:

கிளாக்கை நிறுத்தலாமா? கிளாக்கை நிறுத்தினால் தோற்றதாக அர்த்தம் என்றல்லவா பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

தஞ்சை நடுவர் எழுதியது:

தாராளமாக நிறுத்தலாம் சார். நடுவரை அழைக்க வேண்டிய காரணம் இருந்தால் நிறுத்துவது ஆட்டக்காரரின் உரிமை. காரணமில்லாமல், யோசிக்க நேரம் வேண்டும் என்பதற்காக நிறுத்தினால்தான் தண்டனை. நான் போகும் போட்டிகளில் முதல் சுற்றுக்கு முன்னால் மைக்கில் இதைத்தான் சொல்கிறேன். பாதிப் பிள்ளைகள் அப்போது டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருப்பார்கள். இன்னொன்று, நடுவர் தீர்ப்பின் மேல் அப்பீல் போகவும் உரிமை உண்டு, போட்டி விதியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. அப்பீல் குழு இருக்கிறதா என்று நுழைவுப் படிவம் வாங்கும்போதே கேளுங்கள்.

மன்னை பெரியவர் எழுதியது:

பாப்பாவுக்கு என் ஆசி. எனக்கு வயது அறுபத்தெட்டு. நான் ஆடின காலத்தில் சாவி கொடுக்கும் கிளாக்தான். நிமிட முள் மேலே ஏறும்போது சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கும், உச்சிக்குப் போனதும் கொடி விழும். இன்னும் எத்தனை வினாடி மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. கொடி விழுந்ததா, எதிராளி கை பட்டு விழுந்ததா என்று அடிதடி நடக்காத குறைதான். ஒரு கிளாக் வேகமாக ஓடும், இன்னொன்று சோம்பும். மன்னார்குடியில் ஒரு போட்டியில் நான் மந்திரியும் மூன்று சிப்பாயும் அதிகம் வைத்துக்கொண்டு கொடி விழுந்து தோற்றேன். நாற்பது வருடம் ஆகிறது, அந்த போர்டு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தக் காலத்துக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டால், கொடி விழும் முன்னே நடுவரைக் கூப்பிட்டு "எதிராளி ஜெயிக்க முயற்சியே பண்ணவில்லை, அல்லது முறையான வழியில் ஜெயிக்க முடியாது, டிரா கொடுங்கள்" என்று கேட்கலாம். 10.2 என்று அதற்குப் பெயர். அந்த எண்ணைச் சொன்னாலே பழைய ஆட்டக்காரர்களுக்குப் புரியும். இப்போது அது முக்கிய விதிகளில் இல்லை, பின்னால் வழிகாட்டியில் தள்ளிவிட்டார்கள். இன்கிரிமென்ட் இல்லாத போட்டிக்கு மட்டும், அதுவும் முன்னரே அறிவித்திருந்தால் மட்டும்.

முன்னாள் உலகச் சாம்பியன் ஃபிஷர் 1988-ல் இன்கிரிமென்ட் கடிகாரத்துக்குக் காப்புரிமை கேட்டார். 1992-ல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி ஆடியபோது அதை வைத்தே ஆடினார். ஒவ்வொரு மூவுக்கும் சில வினாடி சேரும் என்ற அந்த ஒரு யோசனை இந்தச் சண்டைகளில் முக்கால்வாசியைத் தீர்த்துவிடும். இத்தனை வருடம் கழித்தும் நம் ஊரில் பிள்ளைகளை 15 நிமிடம் பூஜ்யத்தில் ஆட விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆரூர் அமைப்பாளர் எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் மேடையின் இந்தப் பக்கம் நிற்பவன் பாடும் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் போட்டிக்கு வேதாரண்யத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். காலையில் ஒன்பது மணி என்று போட்டால் பதிவு முடியப் பத்தரை. மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். ஏழு சுற்று முடித்து, கோப்பை கொடுத்து, ஆறரைக்குள் அனுப்பாவிட்டால் தாய்மார்கள் பஸ்ஸுக்குத் தவிப்பார்கள். மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லி மேனேஜர் பின்னாலேயே நிற்பார். 15 நிமிடம் பூஜ்யம் என்றால் ஒரு சுற்று அரை மணியில் கட்டாயம் முடியும். இன்கிரிமென்ட் வைத்தால் ஒரே ஒரு போர்டு இழுத்துக்கொண்டே போகும், நூறு பேர் காத்திருப்பார்கள்.

பட்டுக்கோட்டை கல்லூரிக்காரன் எழுதியது:

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 நிமிடம், மூவுக்கு 5 வினாடி என்று வையுங்கள். அதுவும் ரேபிட் கணக்கில்தான் வரும், ஏனென்றால் 60 மூவுக்கு 300 வினாடி, அதாவது 5 நிமிடம் சேர்த்து ஃபிடே 15 என்று எடுத்துக்கொள்கிறது. 60 மூவ் ஆட்டம் உங்கள் அரை மணியில் முடிந்துவிடும். 100 மூவ் போனால் ஆளுக்கு 18 நிமிடம் 20 வினாடி, இரண்டு பேருக்கும் சேர்த்து 36 நிமிடம் 40 வினாடி. கூடுதல் ஏழு நிமிடம்கூட இல்லை. ஏழு சுற்றிலும் அப்படி ஒரு நீண்ட ஆட்டம் வந்தாலும் மொத்தம் 47 நிமிடத்துக்குள்தான். பதிவை ஒன்பதரைக்கு மூடினால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

ஆரூர் அமைப்பாளர் எழுதியது:

தம்பி, இந்தக் கணக்கை இதுவரை யாரும் எனக்கு இப்படிப் போட்டுக் காட்டவில்லை. எங்களிடம் இருக்கும் டிஜிட்டல் கிளாக்குகளில் பத்துப் பன்னிரண்டை 5 வினாடிக்கு மாற்றத் தெரிந்தவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறைக்கு யோசிக்கிறேன்.

மாயவரம் கோச் எழுதியது:

எல்லோரும் கிளாக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வேறு கவலை. ஆனந்த் பிறந்த ஊரில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த டிரா கேட்கும் பழக்கமே பிள்ளைகளைக் கெடுக்கிறது. பன்னிரண்டாவது மூவில் "டிராவா டிராவா" என்கிறார்கள். பயம். ரேட்டிங் அதிகமுள்ளவனோடு அரைப் புள்ளி கிடைத்தால் போதும் என்ற நினைப்பு. சோஃபியாவில் 2005-ல் எம்-டெல் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் டிரா பேசவே கூடாது, நடுவர் வழியாக மட்டும்தான் என்று வைத்தார்கள். மாமல்லபுரம் ஒலிம்பியாடில் 2022-ல் 30 மூவுக்கு முன்னால் பேசி டிரா செய்யக் கூடாது என்று இருந்தது. சிங்கப்பூரில் 2024-ல் குகேஷ், டிங் லிரென் உலகப் பட்டத்துக்கு மோதியபோது 40 மூவ் வரை. பதினெட்டு வயதுக் குகேஷ் அந்த மேட்சின் ஆறாவது ஆட்டத்தில், மூவ் திரும்பத் திரும்ப வந்து டிரா ஆகக்கூடிய நிலையில், நிலைமை தனக்குச் சாதகமாக இல்லாதபோதும் விலகி ஆடினார். அந்தத் தைரியம் பிள்ளைகளுக்கு வர வேண்டும். 14 வயதுக்குக் கீழே உள்ள போட்டிகளில் 30 மூவ் வரை டிரா பேச்சே கூடாது என்று நம் மாவட்டங்களிலாவது கொண்டு வர வேண்டும்.

தஞ்சை நடுவர் எழுதியது:

கோச் சார், உங்கள் ஆதங்கம் நியாயம். ஆனால் ரேபிடில் பிள்ளைகள் மூவ் எழுதுவதில்லை, எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முப்பதாவது மூவா இருபத்தெட்டாவதா என்று யார் எண்ணுவது? அதுவும் போக, பேசித்தான் டிரா ஆக வேண்டும் என்பதில்லை. சென்னையில் 2013-ல் கார்ல்சன், ஆனந்த் உலகப் பட்ட மேட்சின் முதல் ஆட்டமே 16 மூவில் ஒரே நிலை மூன்று முறை வந்து முடிந்தது. பேச்சைத் தடுத்தால் யானையை இங்கும் அங்கும் ஆட்டுவார்கள். 2023-ல் சமர்கண்டில் நடந்த உலக பிளிட்ஸ் (ரேபிடைவிட வேகமான ஆட்டம்) போட்டியில் துபோவ், நெப்போம்னியாச்சி என்ற இரண்டு ஆட்டக்காரர்களும் குதிரைகளை வெளியே விட்டு உள்ளே இழுத்து டிரா செய்தார்கள். நடுவர் இரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டார்.

நாகை அம்மா எழுதியது:

சார், இதோடு தொடர்புள்ள ஒன்று. கடைசிச் சுற்றில் முதல் இரண்டு போர்டுப் பிள்ளைகளின் அப்பாக்கள் டீக்கடையில் நின்று பேசிக்கொள்கிறார்கள், "டிரா பண்ணிக்கச் சொல்லுங்க, பரிசை ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்" என்று. என் பையனிடமும் வந்து கேட்டார்கள். நான் மறுத்தேன், அவன் ஆடித் தோற்றான், மூன்றாவது இடம். பாதிப் பரிசு வாங்கியவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அது தப்பு இல்லையா?

தஞ்சை நடுவர் எழுதியது:

முழுத் தப்பு அம்மா. ஆடும் முன்னே முடிவைப் பேசி வைப்பதை மன்னிக்கவே முடியாது, அதைப் பெற்றோர் செய்வதுதான் எனக்கு அதிக வருத்தம். நீங்கள் செய்தது சரி. உங்கள் பையன் அந்த ஆட்டத்தில் கற்றது அந்த இரண்டு பேருக்கும் கிடைத்திருக்காது.

பட்டுக்கோட்டை கல்லூரிக்காரன் எழுதியது:

நடுவர் சார் ஒரே நிலை மூன்று முறை வந்து டிரா என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது. பிளஸ் டூ படிக்கும்போது ஒரு கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்டம்) போட்டி. ஒரே நிலை மூன்றாவது முறை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். சந்தோஷத்தில் காயை நகர்த்திக் கிளாக்கை அழுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட்டேன். எதிராளி அதற்குள் வேறு காயை நகர்த்திவிட்டான். டிரா இல்லை என்றார்கள். சரியான தீர்ப்பு, நான்தான் விதி தெரியாமல் இருந்தேன். ஆடப்போகிற மூவைத் தாளில் எழுத வேண்டும், காயைத் தொடக் கூடாது, "இந்த மூவை ஆடினால் மூன்றாவது முறை" என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். எதிராளியின் மூவால் அந்த நிலை வந்திருந்தால், நம் முறையிலேயே எதையும் தொடாமல் கேட்க வேண்டும். கணக்குத் தவறாக இருந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூட்டுவார்கள், ஆட்டம் தொடரும், உயிர் போய்விடாது. யாரும் கேட்காவிட்டாலும் ஐந்து முறை வந்துவிட்டால் ஆட்டம் தானே முடிந்துவிடும்.

குடந்தை அப்பா, உங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பையன் செய்ததை நானும் பதினைந்து வயதில் செய்திருக்கிறேன். எதிராளிக்கு நேரம் குறையும்போது டிரா கேட்டால் அவன் யோசிப்பதிலேயே பத்து வினாடி போகும். சீனியர் அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தார், அதை ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்தேன். அது 11.5 மீறல் என்று பிறகுதான் தெரிந்தது. எதிரே இருந்தவர் முகம் இன்னும் மனதில் இருக்கிறது. அந்தப் பையன் நடுவரிடம் உண்மையைச் சொன்னானே, அவனை வெறுக்காதீர்கள் சார்.

குடந்தை அப்பா எழுதியது:

வெறுக்கவில்லை தம்பி. அவன் மறுத்திருந்தால் நான் என் மகளையே சந்தேகப்பட்டிருப்பேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்கள் எழுதிய பிறகுதான் உறைக்கிறது.

ஐயா சொன்ன அந்த இரண்டு நிமிட வழிகாட்டி இவள் ஆட்டத்தில் உதவியிருக்குமா?

தஞ்சை நடுவர் எழுதியது:

போட்டி அறிவிப்பில் அது இருந்திருந்தால் நிச்சயம் உதவியிருக்கும். அதன்படி, இரண்டு நிமிடத்துக்குள் இருப்பவர், தன் முறை வரும்போது, மூவுக்கு 5 வினாடி சேர்க்கும்படி கேட்கலாம். அப்படிக் கேட்பதே டிரா கேட்டதற்குச் சமம். எதிராளி டிராவை மறுத்து, நடுவர் கோரிக்கையை ஏற்றால், கிளாக்கில் 5 வினாடி வைத்து, எதிராளிக்கு 2 நிமிடம் கூட்டி, ஆட்டத்தைத் தொடர விடுவார். பாப்பாவின் நிலையில் மூவுக்கு 5 வினாடி போதும், யானையை மூன்றாவது வரிசையில் வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருப்பாள். பிளிட்ஸுக்கு இது பொருந்தாது, ரேபிடுக்குப் பொருந்தும். ஆரூர் அண்ணே, கிளாக்கை மாற்ற முடியாவிட்டால் இந்த ஒரு வரியையாவது நோட்டீஸில் போடுங்கள்.

ஃபிளாக் விழுந்தால் எப்போதும் தோல்வி என்பதும் இல்லை. எதிராளியால் எந்த வழியிலும் செக்மேட் வைக்கவே முடியாதென்றால் டிரா. வெறும் ராஜா மட்டும் என்றால் சந்தேகமே இல்லை. ஆனால் அவனிடம் ஒரு குதிரை, உங்களிடம் ஒரு சிப்பாய் என்றால் கவனம். நீங்கள் கறுப்புக் காய் என்று வையுங்கள், உங்கள் ராஜா எச் 1-ல், சிப்பாய் எச் 2-ல் அடைபட்டிருக்க, அவன் ராஜா எஃப் 2-லும் குதிரை ஜி 3-லும் வந்தால் அது மேட். நடக்க வழி இருக்கிறது என்பதே போதும், நீங்கள் தோற்றதாகத்தான் எழுதுவார்கள்.

மன்னை பெரியவர் எழுதியது:

குடந்தை அப்பா, விடுமுறையில் பாப்பாவை இங்கே அழைத்து வாருங்கள். மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில் பூவனூர், சதுரங்க வல்லபநாதர் கோயில். சுவாமியே ராஜகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து மணந்துகொண்ட தலம். கும்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அந்தப் பழைய சாவிக் கிளாக் இன்னும் ஓடுகிறது. அவளோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும்.

ஆரூர் அமைப்பாளர் எழுதியது:

நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னே சொன்னது நல்லதாயிற்று. 10 நிமிடம், 5 வினாடி என்று மாற்றிவிட்டேன். பதிவு ஒன்பதரையோடு மூடப்படும் என்றும் போட்டிருக்கிறேன். பட்டுக்கோட்டை தம்பி, முந்தின நாள் சாயங்காலம் வந்து கிளாக்குகளை மாற்றிக்கொடுக்க முடியுமா? சாப்பாடும் பஸ் காசும் என் பொறுப்பு.

பட்டுக்கோட்டை கல்லூரிக்காரன் எழுதியது:

வருகிறேன் அண்ணே. பஸ் காசு வேண்டாம்.

குடந்தை அப்பா எழுதியது:

நேற்று இரவு இந்தப் பதில்களையெல்லாம் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "கை நீட்டினது சரிதான், யானையைத் தொட்டதுதான் தப்பு" என்று அவளே சொன்னாள். பிறகு கூடத்தில் போர்டை விரித்தோம். நான் வேண்டுமென்றே கிளாக்கை அழுத்திவிட்டு "டிராவா?" என்பேன். முதல் இரண்டு தடவை வழக்கம்போல் கையைத்தான் நீட்டினாள். மூன்றாவது தடவை "சரி, டிரா" என்று வாயால் சொன்னாள். நான் "வேணாம், ஆடு" என்றேன். கிளாக்கின் நடு பட்டனை அழுத்தி நிறுத்தினாள், கையைத் தூக்கினாள், "சார்!" என்று சமையலறைக்குக் கேட்கும்படி கூப்பிட்டாள். அவள் அம்மா கரண்டியோடு வந்து நின்று, என்ன ஆயிற்று என்று கேட்டு, டிரா என்று தீர்ப்புச் சொன்னாள்.

திருவாரூர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டோம்.